ஹிப்-ஹாப் பிறந்த கதையைச் சொன்ன 'வைல்ட் ஸ்டைல்': 40 ஆண்டுகள் கடந்தும் கொண்டாடப்படுவது ஏன்?

ஒரு சின்ன சமையலறை. நடுவில் இரண்டு ரெக்கார்டு பிளேயர்கள். ஓர் இளைஞர் இசைத்தட்டுகளை விரலால் முன்னும் பின்னும் தேய்க்கிறார். புதுசா ஒரு தாளம் பிறக்கிறது. அவர் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். 1983-இல் வெளியான 'வைல்ட் ஸ்டைல்' படத்தின் காட்சி இது. ஹிப்-ஹாப்பை மையமாக வைத்து வந்த முதல் முழுநீளத் திரைப்படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

எங்கே தொடங்கியது ஹிப்-ஹாப்?

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. ஊரைக் கிழித்துக்கொண்டு போன நெடுஞ்சாலை, எரிந்துபோன கட்டடங்கள், வேலையில்லாத் திண்டாட்டம் என 1970-களில் அது நொடிந்து கிடந்தது. அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் குடியிருப்பில், பள்ளிக்குப் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் ஒரு பார்ட்டி வைத்தார். டிஜே, ஜமைக்காவிலிருந்து குடியேறிய அவருடைய அண்ணன் கூல் ஹெர்க். பாட்டில் வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் வெறித்தனமாக ஆடுவதை அவர் கவனித்திருந்தார். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். ஹிப்-ஹாப்பின் அடித்தளம் அவ்வளவுதான்.

படத்தின் கதை என்ன?

ரேமண்ட், ராத்திரியில் ரயில் பெட்டிகளில் 'ஸோரோ' என்ற பெயரில் திருட்டுத்தனமாக ஓவியம் வரைபவன். ராணுவத்தில் இருக்கும் அண்ணனுக்கு இது வெட்டி வேலை. பணக்கார ஓவிய உலகத்துக்கோ திடீரென இதன் மேல் ஆசை. மறைந்தே வரைவதா, வெளியே வந்து விற்பதா? இதுதான் ரேமண்டின் சிக்கல்.

ரேமண்டாக நடித்த லீ கினோனெஸ், காதலி ரோஸாக நடித்த லேடி பிங்க் இருவருமே நிஜ கிராஃபிட்டி ஓவியர்கள். ராப் பாடுபவர்களும், 'ராக் ஸ்டெடி க்ரூ' நடனக் குழுவினரும் அவரவராகவே வருகிறார்கள். நடிப்பு சில இடங்களில் தடுமாறும், உண்மைதான். ஆனால் நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் இந்த உயிர் வந்திருக்காது.

இசையில் என்ன ஸ்பெஷல்?

டிஜேக்கள் வழக்கமாகச் சுழற்றுவது மற்றவர்களின் இசைத்தட்டுகளை. அவற்றைப் படத்தில் வைத்தால் உரிமைப் பிரச்சினை வரும். அதனால் இயக்குநர் சார்லி அஹர்னும், படத்தின் இசையைக் கவனித்த ஃபேப் 5 ஃப்ரெடியும் புதிய தாளங்களையே உருவாக்க முடிவு செய்தார்கள். 'ப்ளாண்டி' குழுவின் கிறிஸ் ஸ்டைன் கைகொடுத்தார். படத்தில் டிஜேக்கள் சுழற்றுவது அந்தத் தாளங்களைத்தான். 1994-இல் ராப்பர் நாஸ் தன் 'இல்மேட்டிக்' ஆல்பத்தை இந்தப் படத்தின் ஒலித்துணுக்கோடுதான் தொடங்கினார்.

இன்று ஏன் முக்கியம்?

அன்றைய பார்ட்டிகளை யாரும் முறையாகப் படம்பிடித்து வைக்கவில்லை. ராத்திரி முழுக்க வரைந்த ரயில் ஓவியங்களை நிர்வாகம் கழுவித் தள்ளியது. 1989 மே மாதத்தில் நியூயார்க் சுரங்க ரயில்கள் முழுக்கச் சுத்தமாகிவிட்டதாக அறிவிப்பே வந்தது. அதாவது, லீ போன்றவர்களின் இளமைக்கால உழைப்பு மொத்தமும் காலி.

படத்தின் உச்சக்காட்சி, ஈஸ்ட் ரிவர் பூங்காவின் திறந்தவெளி அரங்கில் நடக்கும். பாழடைந்து கிடந்த அந்த மேடைக்கு ரேமண்ட் வண்ணம் பூச, சனம் திரண்டு கொண்டாடும். வெள்ளத்தடுப்புத் திட்டத்துக்காக அந்த அரங்கமும் 2021-இல் இடிக்கப்பட்டுவிட்டது.

ரயிலும் இல்லை, மேடையும் இல்லை. இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் இன்று இந்தப் படத்தைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.