சீதோஷ்ண மாறுதலும் நமது பிள்ளைகளும்

2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் வாழும் ஜனங்கள் அனுபவித்த துன்பம் எளிதில் மறக்கக்கூடியதன்று. காயல்பட்டணத்தில் 24 மணி நேரத்திற்குள் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர். அப்பக்கத்தில் ஒரு வருஷம் முழுவதும் பெய்யவேண்டிய மழை ஓர் இரவிலும் ஒரு பகலிலும் பெய்து தீர்ந்தது. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடித்தது. திருநெல்வேலி ஜங்ஷனைச் சுற்றிய தெருக்கள் ஆறாக மாறின. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோன ரயிலில் சுமார் 800 பிரயாணிகள் சிக்கிக்கொண்டனர். அருகிலுள்ள புதுக்குடிக் கிராமத்தார் தங்கள் கஷ்டத்தையும் பாராட்டாமல் அவர்களுக்கு அன்னமிட்டுக் காத்த செய்தி தேசமெங்கும் பரவியது.

வெள்ளம் வடிந்தது; பள்ளிக்கூடங்கள் திறந்தன. விட்ட இடத்திலிருந்து பாடங்கள் தொடர்ந்தன. ஆனால் மாடியில் நின்று தன் தெருவில் நீர் ஏறுவதைக் கண்ட சிறுவனின் மனத்தில் எழுந்த கேள்விகளுக்கு எந்தப் பாடத்தில் விடை இருந்தது? "இவ்வளவு மழை ஏன் பெய்தது? இனி அடிக்கடி பெய்யுமா? எங்கள் வீதிக்கு மட்டும் நீர் ஏன் வந்தது?" இவை பத்து வயதுப் பிள்ளை கேட்கக்கூடிய கேள்விகள். பெரிய விஞ்ஞானிகள் ஆராயும் கேள்விகளும் இவையே. அவற்றிற்கு நம் ஊர்ப் பிள்ளைக்கு நம் ஊரைக் கொண்டே விடை சொல்லும் பாடங்களை நாமே கூடி எழுதவேண்டும். அதற்குரிய பட்டறை ஒன்று திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் நடைபெறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

விஞ்ஞானம் சொல்வது

சீதோஷ்ண மாறுதல் என்று நாம் சொல்லுவதை இக்காலத்துப் பாடநூல்கள் பருவநிலை மாற்றம் என்றும் காலநிலை மாற்றம் என்றும் குறிக்கின்றன. பெயர் எதுவாயினும் விஷயம் ஒன்றே. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதனால் ஆகாயத்தில் கரியமில வாயு பெருகுகிறது. அவ்வாயு பூமியின் உஷ்ணத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. ஸ்வீடன் தேசத்து அர்ரீனியஸ் 1896-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1958-ல் ஹவாய்த் தீவின் மலைமேல் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சத்திற்குச் சுமார் 315 பங்காக இருந்த கரியமில வாயு இப்பொழுது 420 பங்குக்கு மேற்பட்டுவிட்டது. 2024-ம் வருஷத்தில் பூமியின் சராசரி உஷ்ணம், யந்திரத் தொழில் பெருகுவதற்கு முன் இருந்ததைவிடச் சுமார் ஒன்றரை டிகிரி அதிகமாயிற்று.

ஒன்றரை டிகிரிதானே என்று அலட்சியம் செய்வதற்கில்லை. காற்றின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால், அது சுமக்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவிகிதம் அதிகப்படுகிறது. ஆகவே மழை பெய்யும்போது பெருமழையாகப் பெய்ய இடமுண்டாகிறது. காரும் பிசானமுமாக இரண்டு பருவமழைகளை நம்பி நெல் விளைவிக்கும் இப்பள்ளத்தாக்கின் வாழ்வு, மழை வரும் காலத்தையும் அளவையும் பொறுத்தது. அது தடுமாறினால் குடியானவனின் கணக்கெல்லாம் தடுமாறும்.

இருக்கும் பாடம் போதாதா?

"இவையெல்லாம் பாடப் புஸ்தகத்தில் இருக்கின்றனவே, புதிதாக எழுதுவானேன்?" என்று சிலர் கேட்கலாம். சுற்றுப்புறச் சூழலைப் பற்றி எல்லாப் பள்ளிகளிலும் போதிக்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு 1991-லேயே உத்தரவிட்டது உண்மை. 2001 முதல் தேசிய பசுமைப் படை என்ற பெயரால் பள்ளிகளில் மாணவர் சங்கங்கள் இருப்பதும் உண்மை. 2015-ல் பாரிஸில் நிறைவேறிய உடன்படிக்கையிலும் சீதோஷ்ணக் கல்விக்கென்றே ஒரு ஷரத்து உண்டு. உத்தரவுகளுக்குக் குறைவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைக்குத் துருவப் பிரதேசத்துப் பனிக்கட்டி உருகுவது தெரிகிறது. பேட்டை வழியாகப் போகும் கால்வாய் எங்கே பிரிந்து எங்கே போகிறதென்பது தெரிவதில்லை. பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துவிடுகிறான். தன் கண்ணால் கண்டது ஒன்றும் அதில் இல்லாதபோது அவன் மறப்பதில் என்ன ஆச்சரியம்?

நமது தேசத்தில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமற் போகவில்லை. 1937 அக்டோபரில் வார்தாவில் மகாத்மா காந்தி தலைமையில் கல்வி மகாநாடு ஒன்று கூடியது. அதன்பின் டாக்டர் ஜாகிர் ஹுஸேன் தலைமையில் அமைந்த கமிட்டி ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்தது. கைத்தொழிலையும், பிள்ளையைச் சூழ்ந்த இயற்கையையும், அவன் வாழும் சமூகத்தையும் கொண்டே எல்லாப் பாடங்களையும் போதிக்கவேண்டும் என்பது அத்திட்டத்தின் உயிர்நிலை. அத்திட்டம் தேசமெங்கும் நிலைபெறாமற் போயிற்று என்பது வேறு விஷயம். சீதோஷ்ணப் பாடத்திற்கு அதைவிடப் பொருத்தமான முறை வேறில்லை.

பேட்டை ஏன்?

பேட்டையைக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பாரதியார் படித்த இந்துக் கல்லூரிப் பள்ளியோடு உறவுடைய ம.தி.தா. இந்துக் கல்லூரி இங்கே இருக்கிறது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் தொழிற்பேட்டையும் இங்கே உள்ளன. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் அபிஷேகப்பட்டியில், சமீபத்திலேயே இருக்கிறது. புஸ்தகப் படிப்பாளியும் கைத்தொழில் பழகும் வாலிபனும் ஒரே இடத்தில் கூடுவதற்கு இதைவிட வசதியான ஸ்தலம் அருமை.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நீர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயர் ஆட்சிக்கு முற்பட்டவை. அவ்வேழில் ஒன்றான சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பிரியும் திருநெல்வேலிக் கால்வாய் பேட்டையைக் கடந்து டவுனுக்குள் வருகிறது. வயலுக்கு நீர் கொண்டுபோன அக்கால்வாயில் இன்று சாக்கடையும் குப்பையும் கலக்கின்றன. பழைய பாசன அறிவு, இன்றைய அசிரத்தை, நாளை வரப்போகும் பெருமழை ஆகிய மூன்றையும் ஒரே காலை நேரத்தில் நடந்து பார்த்துவிடலாம்.

பட்டறை எவ்வாறு நடைபெறவேண்டும்?

முதலாவது, யாரை அழைப்பது என்பது. மேடையில் நால்வர் பேச, கீழே நானூறு பேர் கேட்கும் மகாநாடு இதற்கு உதவாது. நாற்பது பேர் போதும். அவர்களில் சரிபாதி உபாத்தியாயர்களாக இருக்கவேண்டும். நாளை வகுப்பில் நின்று சொல்லவேண்டியவர்கள் அவர்களே. மடை திறந்து நீர் பாய்ச்சி அனுபவப்பட்ட குடியானவர்கள், மராமத்து இலாகாவில் கால்வாயைக் கவனிப்பவர்கள், கல்லூரி விஞ்ஞான ஆசிரியர்கள், புன்னைக்காயல் பக்கத்து மீனவர்கள் ஆகியோரிலிருந்து சிலரை வரவழைக்கவேண்டும். பள்ளி மாணவர்களும் தொழிற்பயிற்சி மாணவர்களும் பத்துப் பேரேனும் சமமாக உட்காரவேண்டும். படிக்கப்போகிறவனைக் கேளாமல் பாடம் எழுதுவது, காலை அளக்காமல் செருப்புத் தைப்பது போலாகும். மாணவரில் பாதிப்பேர் பெண்களாக இருப்பது அவசியம். வீட்டுக்கு நீர் சுமக்கும் பாரம் பெரும்பாலும் பெண்கள் மீதே விழுகிறது.

இரண்டாவது, காலம். மே மாதக் கடைசி உத்தமம். உபாத்தியாயர்களுக்கு விடுமுறை. கார்ப் பருவத்திற்கு நீர் திறக்குமுன் கால்வாய் வறண்டிருக்கும். அதன் அடியில் கிடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெயில் கடுமையாதலால் காலை எட்டு மணிக்குள் நடைவேலையை முடித்துவிடவேண்டும். வெயிலில் மயங்காமல் ஒரு கூட்டத்தை நடத்துவதும் இக்காலத்தில் ஒரு பாடமே.

மூன்றாவது, வேலை முறை. மூன்று நாட்கள் வேண்டும். முதல் நாள் சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து பேட்டை வழியாக டவுன் நயினார்குளம் வரை கால்வாயைத் தொடர்ந்து பார்ப்பது. கரை எங்கே குறுகியது, மதகு எங்கே அடைபட்டது, வெள்ளத்தில் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஒவ்வொருவரும் குறித்துவரவேண்டும். இரண்டாம் நாள் கேட்பதும் ஒழுங்குபடுத்துவதும். 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பெரியோர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவையும் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடவேண்டும். மூன்றாம் நாள் எழுதுவது. பத்துப் பாடங்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளை கண்ணால் காணவேண்டியது ஒன்று, கையால் அளக்கவேண்டியது ஒன்று, வீட்டாரிடம் கேட்கவேண்டியது ஒன்று இருக்கவேண்டும்.

அத்துடன் வேலை முடிந்ததாகாது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அப்பாடங்களை வகுப்பில் நடத்திப் பார்த்து, பிள்ளைகளுக்கு விளங்காத இடங்களைக் குறித்து வைத்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை மாதத்தில் அதே நாற்பது பேரும் மறுபடி கூடித் திருத்தவேண்டும். திருத்தாத பாடம் அச்சேறலாகாது.

இப்படிக் கூடி வேலை செய்வது நம்மவருக்குச் சாத்தியமா என்று ஐயுறவேண்டாம். மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தார் 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். மாணவர்களும் பொதுஜனங்களும் விஞ்ஞானிகளுடன் குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். பறவையை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மழையை அளக்கக் கஷ்டமில்லை.

உண்மையே சொல்லவேண்டும்

பாடம் எழுதுவோர் ஒரு விஷயத்தில் மிக எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஒவ்வொரு வெள்ளத்திற்கும் சீதோஷ்ண மாறுதல் ஒன்றே காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். அது முழு உண்மையன்று. மழை மிகுதிக்கு ஆகாயம் காரணமாகலாம். குளத்தைத் தூர்த்ததற்கும் ஓடையை அடைத்து வீடு கட்டியதற்கும் ஆகாயம் பொறுப்பாளியல்ல. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற பிள்ளை, ஊராட்சியிடமும் கேள்வி கேட்பான். உலகத்திடமும் கேள்வி கேட்பான். சிலர் இப்பாடத்திற்கு அஞ்சுவதும் அதனாலேதான் போலும்!

உலகத்திடம் கேட்கவேண்டிய கேள்வியும் உண்டு. ஓர் அமெரிக்கர் வருஷத்திற்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன்னுக்கே. அதிகம் எரித்தவர் ஒருவர், அதிகம் நனைந்தவர் மற்றொருவர். இந்த அநீதியை நம் பிள்ளைகள் புள்ளிவிவரத்தோடு அறியவேண்டும். அதைச் சாக்காகக் கொண்டு சும்மா இருப்பதும் தகாது. தூத்துக்குடியில் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகிறோம். கயத்தாற்றுப் பக்கம் காற்றைக் கொண்டும் உண்டாக்குகிறோம். இவற்றில் எதை வளர்ப்பது என்று நாளை தீர்மானிக்கப்போகிறவர்கள் இன்று பெஞ்சியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே.

இப்பாடங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று சிலர் தயங்குகிறார்கள். 2023 வெள்ளத்தைக் கண்ட பிள்ளை ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறான். காரணம் தெரியாத பயம் மனத்தை ஒடுக்கும். காரணமும் செய்யவேண்டிய காரியமும் தெரிந்தால், நீர் ஏறும்போது எந்த மேட்டுக்குப் போவது, யாரை எழுப்புவது, எந்த மதகு திறந்திருக்கவேண்டும் என்று அவனே வீட்டாருக்குச் சொல்வான்.

இதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. கல்லூரியில் ஒரு மண்டபம், மூன்று நாள் சாப்பாடு, அச்சுக்கூலி, சில மழைமானிகள் ஆகிய இவ்வளவே செலவு. பேட்டையிலும் டவுனிலும் உள்ள வர்த்தகர்களும் பழைய மாணவர்களும் மனம் வைத்தால் ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும். கல்வி இலாகாவினர் உபாத்தியாயர்களுக்கு அநுமதியும், மராமத்து இலாகாவினர் பழைய நீர்க் கணக்குகளும் கொடுத்துதவினால் போதுமானது. அடுத்த பெருமழை நமக்காகக் காத்திருக்கப்போவதில்லை. வரும் மே மாதத்திற்குள் இவ்வேலையைத் தொடங்கும்படி திருநெல்வேலி உபாத்தியாயர்களையும் பொதுஜனங்களையும் வேண்டிக்கொள்ளுகிறோம்.