பத்திரம் எழுதும் முன் பத்து வீட்டை எண்ணுங்கள்

தை முதல் நாள் மதுரை ஜனம் அவனியாபுரத்தில்தான் இருக்கும். மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர். வாடிவாசல் சத்தம் அடங்கியதும் அவனியாபுரம் தன் அன்றாடத்துக்குத் திரும்பிவிடும். ஒரு பக்கம் விமான நிலையத்துக்குப் போகும் சாலை, இன்னொரு பக்கம் சுற்றுச்சாலை, இடையில் நேற்றுவரை வயலாகக் கிடந்து இன்று கல் ஊன்றிய பிளாட்டுகள். 2011-ல் அவனியாபுரம் நகராட்சி மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அங்கே பிறந்து அங்கேயே தலை நரைத்த விவசாயி வீடு மாறவே இல்லை. ஊர்தான் அவரைச் சுற்றி மாறிப்போனது.

வயதான காலத்தில் எங்கே இருப்பது என்பது முன்பெல்லாம் ஒரு கேள்வியாகவே இருந்ததில்லை. இப்போது அவனியாபுரம் தாண்டி பெருங்குடி, வலையங்குளம், காரியாபட்டி என்று அருப்புக்கோட்டை சாலை நெடுக இந்தப் பேச்சுதான். மகன் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கிறான். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டு பேர், கொல்லையில் ஒரு மாடு, இரண்டு ஏக்கர் நிலம். தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள் என்று 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொன்னது. அந்தக் கணக்கு எடுத்தே வெகுகாலம் ஆகிவிட்டது.

இவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் மூன்று. இருக்கிற ஊரிலேயே இருப்பது. மகனோடு போய்விடுவது. நிலத்தில் கொஞ்சத்தை விற்று, ஆஸ்பத்திரியும் பஸ்ஸும் பக்கத்தில் இருக்கும் அவனியாபுரம் போன்ற இடத்தில் இரண்டு, மூன்று சென்டில் வீடு கட்டிக்கொள்வது. கோயம்புத்தூர் பக்கம் பணம் கட்டிச் சேரும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. இரண்டு ஏக்கர்காரருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்பதால் அதை விட்டுவிடலாம்.

மூன்றில் எது சரி என்று யாரும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. ஆனால், பல வீடுகளில் இந்த முடிவு தலைகீழாக எடுக்கப்படுகிறது. முதலில் பத்திரம், அப்புறம்தான் இருப்பிடம். மகனுக்கு வங்கிக் கடன் வேண்டியிருக்கும். இல்லையென்றால், ‘நாம இருக்கும்போதே பிரிச்சுக் கொடுத்துட்டா பின்னாடி சண்டை வராதுல்ல’ என்று அம்மாவே ஆரம்பித்து வைப்பார். குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளும் செட்டில்மென்ட்டுக்கு அரசுக் கட்டணமும் குறைவு. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு நாளில் கைவிட்டுப் போவது என்னென்ன என்று பார்க்க வேண்டும். வீடு மகன் பெயருக்குப் போகிறது. நிலத்தின் பட்டாவும் மாறினால், நிலம் வைத்திருப்பவருக்குத் தரப்படும் பி.எம்.கிசான் பணம் வருடத்துக்கு 6,000 ரூபாய் நின்றுவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கவும் பட்டா, அடங்கல் வேண்டும். மகனோடு ஒத்துப்போகாமல் ஆறு மாதத்தில் ஊர் திரும்பும் அப்பாவுக்கு அங்கே கால் ஊன்றச் சொந்தமாக ஓர் அடி மண்கூட இருக்காது. மகன் கெட்டவன் என்று இதற்கு அர்த்தமில்லை. அவன் வேலை போகலாம், கடனில் வீடு ஏலத்துக்கு வரலாம், அவனுக்கே ஏதாவது ஆகலாம்.

உயிலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பலருக்குத் தெளிவாக இல்லை. செட்டில்மென்ட் பதிவானதும் சொத்து கை மாறிவிடும். உயில் எழுதியவர் இறந்த பிறகே செயலுக்கு வரும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. செட்டில்மென்ட்டே எழுதியாக வேண்டும் என்ற நிலை வந்தால், கணவன், மனைவி இருவருக்கும் ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கவும், நிலத்தின் வருமானத்தை அனுபவிக்கவும் உரிமை உண்டு என்று பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். ‘இருவருக்கும்’ என்ற சொல் முக்கியம். எங்கே இருப்பது என்ற முடிவைப் பெரும்பாலும் ஆண்கள் எடுக்கிறார்கள். கடைசியில் அந்த வீட்டில் பல வருடம் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் பெண்கள்.

‘எல்லாத்தையும் ஏற்கெனவே எழுதிக் கொடுத்தாச்சு, இனி என்ன செய்ய?’ என்பவர்களுக்கும் வழி உண்டு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ம் பிரிவு, பெற்றவர்களைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய இடம் தருகிறது. இதற்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். அவர்தான் தீர்ப்பாயத்தின் தலைவர். மேல்முறையீடு மாவட்ட ஆட்சியரிடம். மனுதாரரே நேரில் தன் கதையைச் சொல்லலாம் என்பதால் வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. மாதாமாதம் பராமரிப்புத் தொகை வேண்டும் என்றும் அங்கேயே கேட்கலாம். தமிழ்நாட்டில் அதற்கு உச்ச வரம்பு 10,000 ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது ‘நிபந்தனையோடு’ என்ற வார்த்தை. கவனித்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையின் பேரில்தான் சொத்து கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், இது முதியவர்களைக் காக்க வந்த சட்டம், அதைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று சொல்லி, மகனுக்கு ஒரு தாய் எழுதிக் கொடுத்த பத்திரத்தை ரத்து செய்தது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் விவசாயி செய்ய வேண்டியது ஒன்றுதான். ‘எங்கள் இருவரையும் ஆயுள் உள்ளவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும், தவறினால் இந்தப் பத்திரம் செல்லாது’ என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. பத்திரம் எழுதுபவர் ‘அதெல்லாம் வழக்கமில்லை’ என்பார். இருக்கட்டும், எழுதச் சொல்லலாம். சொத்து மூன்றாம் ஆளுக்கு விற்கப்பட்டுவிட்டால் மீட்பது பெரும்பாடு. அதனால் மகனாகவே இருந்தாலும் விற்கும் அதிகாரத்தோடு ‘பவர்’ எழுதிக் கொடுப்பதைத் தவிர்க்கலாம்.

பத்திரத்தை ஓரமாக வைத்தாயிற்று. இனி இருப்பிடத்துக்கு வரலாம். அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலி வந்தால், நடந்து போய்த் தட்டக்கூடிய கதவுகள் எத்தனை? ஊரில் இருக்கும் வீட்டுக்கு ஒரு தடவை, போக நினைக்கும் வீட்டுக்கு ஒரு தடவை எண்ண வேண்டும். பத்து வீடு தேறினால் அந்த இடம் பரவாயில்லை. சொந்த ஊரிலேயே இரண்டு, மூன்றுதான் தேறுகிறது என்றால், பிறந்த மண் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே ஒட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பல கிராமங்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதும் உண்மைதானே.

இந்தக் கணக்கின் அருமையை சின்ன உடைப்புக்காரர்களிடம் கேட்கலாம். விமான நிலைய விரிவாக்கத்துக்காக அந்தக் கிராமத்தைக் காலி செய்யச் சொன்னபோது, 2024 நவம்பரில் ஊரே தெருவில் உட்கார்ந்தது. இழப்பீடு மட்டும் போதாது, மாற்று இடம் கொடுத்துக் குடியமர்த்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். அதை வைத்து ஆளுக்கொரு திசையில் வீடும் வாங்கிவிடலாம். பக்கத்து வீட்டை எங்கே போய் வாங்குவது?

மகன் வீட்டுக்குப் போவதாக இருந்தால் மூன்று மாதம் இருந்து பார்க்க வேண்டும். பேரன், பேத்திக்கு விடுமுறை இருக்கும் மே மாதமோ தீபாவளியோ இதற்கு உதவாது. எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் சாதாரண மாதங்களில் இருக்க வேண்டும். பகலில் பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை யாரோடு பேசினீர்கள் என்பதுதான் பரீட்சை. ஊரில் மந்தையும் டீக்கடையும் ஆண்களுக்கு. திண்ணை, குழாயடி, குழுக் கூட்டம் பெண்களுக்கு. இருபது வருடம் மகளிர் குழுவில் கணக்கு எழுதிய அம்மா, நான்காவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு டி.வி முன்னால் உட்கார்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? அந்த மூன்று மாதமும் ஊர் வீட்டைப் பூட்டிப் போடாமல், நம்பிக்கையான ஒருவரைக் குடிவைத்துவிட்டுப் போவது நல்லது.

நிலத்தை என்ன செய்வது என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். மதுரை மல்லிகைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான். ஆனால் மொட்டைப் பொழுது விடியும்போதே எடுத்தாக வேண்டும். எழுபது வயதில் தினமும் அது நடக்காது. ஆள் கூலியும் கட்டுப்படியாகவில்லை. முழு நிலத்தையும் விற்பதற்கு முன், மல்லிகையைக் கால் ஏக்கருக்குச் சுருக்கிக்கொண்டு மீதியை மரப்பயிராக்கலாம். தண்ணீர் இருந்தால் 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை வைக்கலாம். மானாவாரி என்றால் புளி, நாவல், கொடுக்காப்புளி. குத்தகைக்கு விடுபவர்கள் வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்பு தரும் சட்டம் 1955 முதல் இருக்கிறது என்பதை இரு தரப்பும் தெரிந்து செய்வது நல்லது.

கொஞ்சம் காய்கறியை மட்டும் விடாமல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது. அடையாள அட்டை வைத்திருக்கும் பெரியவர் காலையில் தட்டுக்கூடையோடு போனால் வரும் காசு கொஞ்சம்தான். ‘என்னய்யா நேத்து ஆளைக் காணோம்?’ என்று கேட்க அங்கே நாலு பேர் இருக்கிறார்கள்.

அவனியாபுரத்துப் புது பிளாட்டுகளில் வீடு கட்டி வருபவர்கள் நிலைமை வேறு. அருப்புக்கோட்டைக்காரர் ஒரு வீடு, திருமங்கலத்துக்காரர் ஒரு வீடு, நடுவில் நாலு காலி மனை. பத்துக் கதவு என்ற கணக்கை இங்கே புதிதாகத்தான் சேர்க்க வேண்டும். தெருவில் ஏழு பேர் சேர்ந்தாலே 1975-ம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கம் பதியலாம். தெருவிளக்கு, குடிதண்ணீர், சாக்கடை என்று மாநகராட்சிக்கு மனு எழுதும் சாக்கில்தான் பெரும்பாலும் பழக்கம் ஆரம்பிக்கும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு வருபவர் யார் என்பதைக் குடிவந்த வாரமே விசாரித்துக்கொள்ளலாம்.

கடலூர் மாவட்டத்தில், சுனாமிக்குப் பிறகு ஆதரவிழந்த முதியவர்களுக்காக ஹெல்ப்பேஜ் இந்தியா அமைப்பு தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தையே உருவாக்கியது. கடலோர ஊர்களில் முதியவர்களுக்கென்றே சுயஉதவிக் குழுக்களும் அமைத்தது. வயதானவர்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிக்கொள்ளும் குழு. பத்து வீடு இருக்கும் எந்தத் தெருவிலும் இப்படி ஒன்றை ஆரம்பிக்கலாம். மாதச் சந்தாவைவிட, சந்தா வாங்க வீடு வீடாகப் போகும் அந்த நடைதான் அதில் பெரிய வரவு. இந்த மாதம் யார் கதவு திறக்கவில்லை என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.

மத்திய அரசின் முதியோர் உதவி எண் 14567; கட்டணம் கிடையாது. செட்டில்மென்ட், உயில், குத்தகை தொடர்பான சந்தேகங்களைக் கேள்வி-பதில் பகுதிக்கு எழுதலாம். பத்திரம் எந்த ஆண்டு பதிவானது, அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் பதில் சொல்வது சுலபம். 2007-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதப்பட்ட பத்திரங்களுக்குத்தான் 23-ம் பிரிவு பொருந்தும்.