உங்கள் ஆடிட்டர் உண்மையில் யார்?

விருதுநகர் மண்டியானாலும் சிவகாசி பட்டாசுக் கடையானாலும், வரிக் கணக்கு எழுதுபவர் எல்லோரும் நமக்கு 'ஆடிட்டர்'தான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகி, தொழில் செய்யச் சான்று பெற்றவரே ஆடிட்டர்.

2017 ஜூலை முதல் 'ஜி.எஸ்.டி. பிராக்டிஷனர்' என்று இன்னொருவரும் வந்திருக்கிறார். வணிகவியல், சட்டம் போன்றவற்றில் பட்டம் பெற்றவர்கள், 5 ஆண்டுகளுக்குக் குறையாமல் விற்பனை வரி ஆலோசகராக இருந்தவர்கள், வணிகவரித் துறையில் கெஜட்டட் அதிகாரியாக ஓய்வு பெற்றவர்கள் மனுச் செய்து பதிவு பெறலாம். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்வதில் தவறில்லை. துவரம்பருப்பை மாதிரி பார்க்காமலா கொள்முதல் செய்கிறோம்?

அதிகாரி முன் ஆஜராக இவர்கள்தான் வேண்டும் என்பதில்லை. உறவினரோ, கடையில் நிரந்தரமாக வேலை பார்க்கும் கணக்கரோகூட நம் சார்பில் போகலாம். 116ஆம் பிரிவு இடம் தருகிறது.

ஆனால் எவரை வைத்தாலும் ரிட்டர்னில் உள்ள விவரங்களுக்குப் பொறுப்பு வியாபாரியே என்கிறது 48ஆம் பிரிவு. நம்மவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிவு செய்யும்போது சொந்த செல்போன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்காமல், கணக்கு எழுதுபவருடையதையே கொடுத்துவிடுகிறார்கள். ஓ.டி.பி.யும் அவருக்கே போகும், நோட்டீசும் அவருக்கே போகும். தீபாவளி நெருக்கடியில் அவர் பார்க்காமல் விட்டாலும், பதிவில் உள்ள மின்னஞ்சலுக்கு அனுப்பியது நமக்குச் சார்வு செய்ததாகவே கொள்ளப்படும். கெடு முடிந்து வரி, வட்டி, அபராதத்தோடு உத்தரவு வந்த பிறகுதான் கடைக்காரருக்குத் தெரியவரும். அப்படிக் கொடுத்திருப்பவர்கள் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தங்கள் எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம், கட்டணம் கிடையாது.