வேலி சுருங்கினால் எலக்ட்ரான் எங்கே போகும்?

2011 ஜனவரி 6. பூமியின் வெளிக் கதிர்வீச்சுப் பட்டையைச் சுற்றிவந்த அதிவேக எலக்ட்ரான்களில் பெரும்பகுதி சில மணி நேரத்தில் காணாமல் போனது. சூரியப் புயல் வீசும்போதெல்லாம் நடக்கக்கூடியதுதான் இது. ஆனால் அவை எங்கே போகின்றன என்பது 1960-களிலிருந்தே ஆய்வாளர்களைக் குடைந்த கேள்வி.

இந்தப் பட்டைகள் 1958-இல் தெரியவந்தன. அமெரிக்காவின் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளில் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் பொருத்திய கைகர் கருவி, சில உயரங்களில் எதையுமே பதிவுசெய்யாமல் நின்றது. கதிர்வீச்சு இல்லாததால் அல்ல. கருவி எண்ணித் தீர்க்க முடியாத அளவுக்கு இருந்ததால்!

அங்கே பூமியின் காந்தப்புலம் துகள்களைப் பிடித்து வைத்திருக்கிறது. பிடிபட்ட எலக்ட்ரான் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருண்டபடி வடக்கும் தெற்குமாக ஊசலாடுகிறது. கூடவே கிழக்கு நோக்கி நகர்ந்து பூமியை வலம் வருகிறது. ஆற்றல் மிகுந்தவற்றுக்கு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 10 நிமிடம் போதும்.

அந்த வலம்தான் அதற்கு வினையாகிறது. சூரியனைப் பார்த்த பக்கம் காந்தப்புலத்தின் எல்லை வழக்கமாகப் பூமியின் ஆரத்தைப்போல் 10 மடங்கு தொலைவில் இருக்கும். சூரியக் காற்று ஓங்கி அடித்தால் எல்லை உள்வாங்கும். இரவுப்பக்கம் பத்திரமாக இருந்த எலக்ட்ரான், பகற்பக்கம் வந்து சேரும்போது வேலிக்கு வெளியே நிற்கும். அங்கே பாயும் சூரியக் காற்று அதைக் காந்தவால் (சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வால்போல் நீண்ட காந்தப்புலம்) நீளும் திசையில் அடித்துச் செல்லும். ஓரம் காலியானதும் உள்ளே இருப்பவை வெளிப்புறம் பரவி, அவையும் தப்புகின்றன.

வளிமண்டலத்தில் கொட்டி அழிகின்றன என்ற விளக்கமும் இருந்தது. தெமிஸ் உள்ளிட்ட பல செயற்கைக்கோள்களின் பதிவுகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியான ஆய்வு, ஜனவரி 6 அன்று பெரும்பாலானவை விண்வெளிக்கே தப்பின என்று காட்டியது.

இது நம் வீட்டுத் தொலைக்காட்சி வரை தொடும் விஷயம். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் உள்ள தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் இந்த வெளிப்பட்டையில்தான் இயங்குகின்றன. எலக்ட்ரான்கள் உள்ளே ஊடுருவி மின்னேற்றம் சேர்த்தால் கருவிகள் பழுதாகும். காலியான பட்டை புயலுக்குப் பின் முன்னைவிட அடர்த்தியாக நிரம்புவதும் உண்டு. ஆகவே எவ்வளவு நிரம்பும் என்று கணிக்க, எவ்வளவு, எந்த வழியில் வெளியேறியது என்று முதலில் தெரிந்தாக வேண்டும்.

தப்பியவை செல்லும் திசையில் உள்ள காந்தவாலோ நிலாவின் பாதையையும் தாண்டி நீள்கிறது. பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் நிலா அதற்குள்தான் பயணிக்கிறது. அங்குள்ள துகள்களைச் சந்திரயான்-2 பதிவுசெய்திருக்கிறது. நிறைநிலவை நாம் அண்ணாந்து பார்க்கும் திசையும், பூமியின் காந்தவால் நீளும் திசையும் ஒன்றுதான்.