அரசன் பெயர் அச்சான பக்கம்

யூதர்களின் ஜெபப் புத்தகத்துக்கு சித்தூர் என்று பெயர். காலை, பிற்பகல், இரவு என்று தினமும் மூன்று வேளை சொல்ல வேண்டியவை அதில் எபிரேய மொழியில் இருக்கும். பண்டிகைகளுக்கு மக்சோர் என்று தனிப் புத்தகம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்னாவில் அச்சான சித்தூரையும் லண்டனில் அச்சானதையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முக்கிய ஜெபங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு பக்கம் மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். அந்தப் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓய்வுநாள் காலையில் தோரா என்ற வேதச் சுருளை வாசித்து முடித்து, அதைப் பேழைக்குள் திரும்ப வைப்பதற்கு முன்பு, நாட்டை ஆள்பவருக்காக ஒரு ஜெபம் சொல்வார்கள். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில் இதன் வேர் இருக்கிறது: குடியிருக்கும் பட்டணம் நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளுங்கள், அதன் சமாதானத்தில்தான் உங்கள் சமாதானமும் என்றார் அவர்.

லண்டனில் சிமியோன் சிங்கர் 1890-ல் எபிரேயமும் ஆங்கிலமுமாகக் கொண்டுவந்த மலிவுப் பதிப்பில் அந்த இடத்தில் விக்டோரியா மகாராணியின் பெயர் இருந்தது. 1901-ல் எட்வர்ட் வந்தார், 1910-ல் ஜார்ஜ். ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த வில்னாவிலோ ஜார் நிக்கோலஸ் பெயரும் அவர் குடும்பத்தார் பெயரும்.

ஜெபம் கேட்பது என்ன என்று பாருங்கள். முதலில் மன்னருக்கு ஆயுள், வெற்றி. அடுத்து, அவர் மனதிலும் ஆலோசகர்கள் மனதிலும் இரக்கம் பிறந்து எங்களுக்கு நன்மை செய்யட்டும் என்ற விண்ணப்பம். கடைசியில் சீயோனுக்கு மீட்பர் வரட்டும் என்ற ஏக்கம். விசுவாசம், அச்சம், நம்பிக்கை மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன. 1903-ல் அதே ஜாரின் ஆட்சியில், கிஷினேவ் நகரத்தில் கலவரக் கும்பல் 49 யூதர்களைக் கொன்றது. அதற்குப் பிறகும் இந்தப் பக்கம் புத்தகத்தில் இருந்தது. இதை வெறும் முகஸ்துதி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இரக்கம் வேண்டும் என்று வாரா வாரம் கேட்டவர்களுக்கு, அது அங்கே இல்லை என்பது தெரிந்தேதான் இருந்திருக்கும்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும் சிப்பாய்கள் பையில் வைத்துக்கொள்ளும்படி சிறிய ஜெபப் புத்தகங்கள் வந்தன. ஜெர்மன் ராணுவத்தில் சுமார் ஒரு லட்சம் யூதர்கள் இருந்தார்கள். எதிரே பிரிட்டிஷ், ரஷ்யப் படைகளிலும் யூதர்கள் இருந்தார்கள். அகழிகளின் இரு பக்கமும் ஒரே எபிரேய ஜெபம். வெற்றி கேட்டது மட்டும் வெவ்வேறு மன்னர்களுக்கு.

1881-லிருந்து 1914 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சுமார் இருபது லட்சம் யூதர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே மன்னர் இல்லை, ஜனாதிபதிக்காக ஜெபித்தார்கள். ஆனாலும் வாசகம் அரசவைக்கென்று எழுதியதுதான். அதை மாற்றி எழுதியவர்களில் ஒருவர் லூயிஸ் கின்ஸ்பெர்க். ஜாரின் ஆட்சிக்கு உட்பட்ட கோவ்னோவில் 1873-ல் பிறந்து, 1899-ல் அமெரிக்கா போன அறிஞர். 1927-ல் வெளியான பண்டிகை ஜெபப் புத்தகத்தில் வந்த அவருடைய ஜெபம், எங்கள்மேல் இரக்கம் காட்டட்டும் என்று ஆள்பவரைப் பற்றிக் கெஞ்சுவதில்லை. நாட்டையும் அதை நியாயமாக நடத்துபவர்களையும் ஆசீர்வதிக்கச் சொல்கிறது. பல இனத்தாரும் மதத்தாரும் பகையின்றிச் சேர்ந்து வாழ வேண்டும் என்று கேட்கிறது.