கொடையாக வந்த அளவுகருவிகள்: ஆளியைப் போடுமுன்

1990 முதல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாதிருந்த ஆண்டுகளை எம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பற்றரியும் தடைப்பட்டிருந்த அக்காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைப் பூட்டி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர் வானொலியில் காதை வைத்துச் செய்தி கேட்டோம். கை களைத்தவுடன் ஆள் மாறும். ஆகவே, பழுதான சாமானைத் தட்டிக்கொட்டி இயங்கவைப்பது எமக்குப் புதிய பாடமல்ல.

இப்போது பயிற்சி நிலையங்களுக்கும் கிராமக் கழகங்களுக்கும் வெளிநாடுகளிலிருந்து பழைய மின்னியல் அளவுகருவிகள் கொடையாக வருகின்றன. மின்னழுத்தம் பார்க்கும் மீற்றர், அலையைத் திரையில் காட்டும் அலைவுகாட்டி, அதிர்வெண் எண்ணி என்பன அவற்றுட் சில. 1972இல் வெளிவந்த டெக்ட்ரோனிக்ஸ் 465 என்ற அலைவுகாட்டி இன்றும் பல நாடுகளில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலியாளரின் மேசையில் ஒளிர்கின்றது. இவர்கள் சம்பளத்துக்காக அன்றி விருப்பத்துக்காகப் பழுதுபார்ப்பவர்கள். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை தொலைபேசியைத் துண்டித்தபோது, அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்தும் எமது அம்பாந்தோட்டையிலிருந்தும் செய்தி அனுப்பியவர்களுள் இத்தகையோரும் இருந்தனர். அவர்கள் கைக்கொள்ளும் முறைகளை நாமும் அறிந்திருப்பது நல்லது.

முதல் முறை, பொறுமை. நமக்கு ஒருமுறை அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. எல்லோரும் கூடி நிற்க, ஆசையோடு செருகியைப் பொருத்தி ஆளியைப் போட்டோம். மூன்று செக்கனில் புகை. அங்கே மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. கருவியின் பின்புறத்தில் 115, 230 என்று குறித்த சிறிய ஆளி இருந்தது. அதைப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. 230இற்கு மாற்றும்போது பியூசையும் ஏறக்குறைய அரைவாசி அம்பியருக்குக் குறைக்க வேண்டும். மாற்றும் வசதியே இல்லாத கருவிக்குப் படிகுறை நிலைமாற்றி தேவை.

அடுத்தது மின்குமிழ். கருவிக்குச் செல்லும் இரு கம்பிகளில் உயிர்க்கம்பியை வெட்டி, இடையே 60 வாற்று இழைக் குமிழ் ஒன்றைத் தொடராக இணைக்க வேண்டும். எல்.ஈ.டி. குமிழ் இதற்கு உதவாது. கனமான நிலைமாற்றி கொண்ட பழைய கருவியானால், குமிழ் ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் பெரும்பாலும் நல்ல சகுனம். தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே குறுஞ்சுற்று உண்டு; ஆனால் கருவி தப்பிவிட்டது, குமிழ்தான் சுமையைத் தாங்கிற்று. நவீன ஆளிவகை மின்வழங்கி உள்ளவற்றுக்கு இச்சோதனை தெளிவான விடை தராது.

பழுதின் வேர் பல வேளைகளில் கொள்ளளவியே. மின்பகுபொருள் கொள்ளளவிகளினுள் இருக்கும் ஈரம் ஆண்டுக்கணக்கில் வற்றுகின்றது. சில வீங்கும், சில கசியும், சில வெளியே அழகாகவே இருக்கும். மாற்றும்போது மைக்ரோபரட் அளவு அதேயாகவும், வோல்ற்றுப் பெறுமானம் அதேயாகவோ கூடியதாகவோ இருக்கட்டும். நேர், மறை முனைகளை மாற்றிப் பொருத்தினால் வெடிக்கும். செருகியைக் கழற்றிய பின்னரும் இவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறந்துவிடலாகாது. சில ஆயிரம் ஓம் தடையி ஒன்றினூடாக இறக்கி, மீற்றரால் உறுதிசெய்த பின்னரே கை வைக்கவேண்டும். அலைவுகாட்டியின் படக்குழாய்ப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ற்று உண்டு. அனுபவசாலி அருகில் இல்லாமல் அந்த மூடியைத் திறக்கவே வேண்டாம்.

கருவி உயிர்பெற்றதும் வேலை முடிந்ததென்று எண்ணுகின்றோம். அது சொல்வது மெய்யா? மீள்குடியேறிய ஒருவர் தமது சூரியமின் பற்றரியைக் கொண்டுவருகிறார் என வைத்துக்கொள்வோம். ஓய்விலிருக்கும் 12 வோல்ற்று ஈய அமிலப் பற்றரி நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 12.6 காட்டும், 12.0 எனில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது. அரை வோல்ற்றுப் பொய் சொல்லும் மீற்றரை நம்பினால், நல்ல பற்றரியை எறிந்து புதியதற்குக் கடன்படுவார். மீற்றர் இல்லாதிருந்தால் அந்தக் கடன் வந்திராது. ஆதலால் புதிய உலர்மின்கலம் ஒன்றை அளந்து பாருங்கள்: 1.5இற்கும் 1.6இற்கும் இடையே வரவேண்டும். இரண்டு, மூன்று மீற்றர்களை ஒரே பற்றரியில் வைத்து ஒப்பிடுவதும் நன்று.

அதிர்வெண் எண்ணிக்கு ஆகாயமே அளவுகோல். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி., சீனாவின் பி.பி.எம். ஆகிய நிலையங்கள் 10 மெகாஹேர்ட்சில் நேரச் சைகையை ஒலிபரப்புகின்றன. சிற்றலை வானொலியில் கேட்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒலிபரப்புவதற்குத்தான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் உரிமம் வேண்டும். எண்ணியை அரை மணிநேரம் சூடாகவிட்டு, அதன் 10 மெகாஹேர்ட்ஸ் அலைவியிலிருந்து ஒரு கம்பியை வானொலியருகே கொண்டுவந்தால், இரண்டும் கலந்து விட்டுவிட்டுத் துடிக்கும் ஓசை கேட்கும். திருகாணியை மெல்லத் திருப்பத் திருப்பத் துடிப்பு தளரும். செக்கனுக்கு ஒரு துடிப்பாகக் குறைந்தபோது பிழை கோடியில் ஒரு பங்கு.