தண்ணீர் இறைக்கும் மெசின் போட்டால் கிணறு ஏன் சவர்க்கிறது?

யாழ்ப்பாணத் தீவுகளான வேலணையிலோ நயினாதீவிலோ கிணறு தோண்டினால் கிடைக்கும் நல்ல தண்ணீர் நிலத்தடி ஆறு அல்ல; மாரிமழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கடல்நீரின் மேல் மிதந்து நிற்பதுதான். கடல்நீர் ஏறக்குறைய 2.5 சதவீதம் பாரம் கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு அது உவரை அழுத்தி வைத்திருக்கும். கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே 1 அடி குறைந்து அப்படியே நின்றால், கீழேயிருந்து உவர் 40 அடி ஏறிவரப் பார்க்கும்.

துலா மிதித்த காலத்தில் ஆள் களைத்துவிடும்; கிணறு ஊறிக்கொள்ளும். மெசினுக்குக் களைப்பு ஏது? ஒரே மூச்சில் இறைத்தால், கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்புபோல் எழும்பிவிடும். எழும்பியது இலேசில் இறங்காது. ஆழமாக வெட்டுவது இன்னும் மோசம். உவரைத் தேடிப் போவது போல.

வெங்காயம் உப்பைத் தாங்காது. நுனி கருகிக் காட்டிவிடும். சின்ன மெசின், கொஞ்சநேர இறைப்பு, இடையில் ஓய்வு: இதுதான் தீவுக்குத் தோது. ஆவணி, புரட்டாதியில் இறைக்கும் முன் ஒருவாய் குடித்துப் பாருங்கள்.